ஒன்பதாம் அத்தியாயத்து விடுகதை

ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். நின்றுவிட்டால் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அது என்ன? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். மின்விசிறி என்பீர்கள். தூத்துக்குடி வெக்கையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும், அதில் பிழையும் இல்லை. ஆனால் நித்திலா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் போய், "உங்க அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க, வா பாப்பா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே சிமென்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அந்த நான்காம் வகுப்புக்காரி இந்த விடுகதையைத்தான் உங்களுக்குப் போடுவாள். மின்விசிறி என்று சொன்னீர்களோ, இடத்தை விட்டு அசைய மாட்டாள். வேறொரு விடை இருக்கிறது. அது அவள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த விடை. அப்படித்தான் அவள் அம்மா சண்முகக்கனியும் நம்பிக்கொண்டிருந்தாள், மினிபஸ் வந்து இரண்டாம் ரயில்வே கேட்டில் நிற்கிறவரைக்கும்.

கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு, போவதா வருவதா என்று முடிவுக்கு வராத மாதிரி, கொஞ்சம் முன்னால் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. கனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மதுரைக் கடைக்குப் போகவேண்டிய இரண்டு புத்தகக் கட்டுகளைப் பார்சல் ஆபீசில் போட்டுவிட்டுத் திரும்பும் வழி. சணல் கயிறு அறுத்த தடம் உள்ளங்கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. எழுதுவதும் அவள்தான், பிழை திருத்துவதும் அவள்தான், சிவகாசி அச்சகத்தில் போய்த் தாளைத் தடவிப் பார்ப்பதும், கட்டுகளைக் கட்டிலுக்கடியில் அடுக்குவதும், கட்டித் தூக்கி அனுப்புவதும் அவள்தான். அட்டையில் மட்டும் அவள் இல்லை. கொலைக்கதையில் பொம்பளை பேர் இருந்தால் எவன் எடுப்பான் என்று முதல் புத்தகத்தின்போதே ஒரு கடைக்காரர் சொன்னதால் அப்பா பெயரான துரையைப் போட்டுக்கொண்டாள். பின்னட்டையில் 'பிரதிகளுக்கு' என்று அச்சிட்டிருக்கும் எண் அவளுடைய எண். அதற்கு வருகிற செய்திகள் எல்லாம் 'சார்' என்று தொடங்கும். இப்போது கைப்பேசி அதிர்ந்தபோதும் யாரோ புத்தகம் கேட்கிறார்கள் என்றுதான் எடுத்துப் பார்த்தாள். 'துரை சார் வணக்கம். உப்பளத்தில் ஒரு கைரேகை ரெண்டு தடவை படிச்சிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் வர்ற ஸ்கூல் இதுதானே? வேப்பமரம், பச்சை கேட், உள்ளே சிமென்ட் பெஞ்ச். கண்டுபிடிச்சிட்டேன் பார்த்தீங்களா.' கீழே ஒரு படம். வேப்பமரம், பச்சை கேட், கம்பிகளுக்கு நடுவே சிமென்ட் பெஞ்ச். பெஞ்ச் காலியாக இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அதைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வாசகன் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் இடம் தேடி அலைகிறான் என்றால் எந்த எழுத்தாளருக்குத்தான் மனம் குளிராது. அந்தக் குளிர்ச்சி நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்குவதற்குள் வேறாக மாறிவிட்டது. ஒன்பதாம் அத்தியாயம். ஒன்பதில் என்ன நடக்கிறது? ஒன்பதில் அவன் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறான். வெள்ளைச் சட்டை, நல்ல குரல். கடத்துகிறவனுக்கு நல்ல குரல் வைத்தால் படிக்கிறவர்களுக்குப் பயம் கூடும் என்று யோசித்து வைத்த குரல். அந்தப் பெண் குழந்தை அவனுக்கு ஒரு விடுகதை போடுகிறது. அவன் சிரித்துக்கொண்டே விடையைச் சொல்கிறான். குழந்தை எழுந்து வந்து பைக்கில் ஏறிக்கொள்கிறது. என்ன விடுகதை? என்ன விடை? தான் எழுதிய பக்கத்தைத் தானே நினைவிலிருந்து புரட்டினாள். பக்கத்தின் அடியில், இடது ஓரத்தில், மூன்று வரி. விடுகதை அதே விடுகதை. விடையும் அதே விடை. இல்லை, மாற்றியிருப்பேன், கட்டாயம் மாற்றியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுதும் வேகத்தில் சட்டென்று அகப்படாத பெயருக்கும் ஊருக்கும் பதிலாகக் கையில் கிடைப்பதைப் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுவைப்பது அவள் வழக்கம். அச்சுக்குப் போகும் முன் நட்சத்திரங்களைத் தேடித் தேடி மாற்றுவாள். பெரியப்பா மகன் பெயரில் ஒரு பிணம் கிடந்ததை அப்படித்தான் கடைசி நேரத்தில் காப்பாற்றினாள். ஆனால் அன்று அந்த மூன்று வரி தேடாமலே வந்தது, தண்ணீர் மாதிரி வந்தது. நட்சத்திரம் போடத் தோன்றவில்லை. தன்னுடையதற்கு யார் குறி போடுவார்கள்? பிறகு மெய்ப்புப் பார்க்கும்போதாவது கண்ணில் பட்டிருக்க வேண்டுமே. பட்டது. அதுதான் கொடுமை. கதை இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று அவள் எப்போதும் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் போவாள், கீழிருந்து மேலாக, பொருள் ஒட்டாமல், வெறும் எழுத்தாக. அந்த இடத்தில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் அதைப் போட்டாள். பேனா காகிதத்தில் அழுந்தியதுகூட விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. தாத்தா குறட்டை என்ற இரண்டு சொற்களையும் ஒரு சின்னக் குறியால் அழகாக அடைத்துவிட்டு, மேலே இருக்கிற வரிக்குப் போய்விட்டாள்.

"கூட்ஸ் வண்டிக்கு வால் முளைச்சுக்கிட்டே இருக்குல்லா" என்று கண்டக்டர் யாருக்கோ சொல்லிச் சிரித்தான். இறங்கி ஓடலாமா? இறங்கி எங்கே ஓடுவது, ரயில் அல்லவா குறுக்கே நிற்கிறது. ரயில் வந்து அடைக்காத நேரத்தில் கேட்டுக்குக் கீழே குனிந்து போகிற ஊர்தான் இது. சைக்கிளையே சாய்த்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பெட்டிக்கு அடியில் யார் புகுவது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் அறையில் மேசைமேல் அந்தக் கறுப்புப் போன் அடிப்பதும், விடுகிற நேரமானதால் ஆயாம்மாவும் கிளார்க்கும் வராந்தாவில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதும் கண்முன் தெரிந்தது. கணவன் பாலகுருவுக்குப் போட்டாள். துறைமுகத்தில் கிரேன்மேல் ஏறுகிறவன் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் போட்டாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. செய்தி அனுப்பியவனுக்கே எழுதிவிடலாம். 'அது முழுக்கக் கற்பனை, அப்படி ஒரு பள்ளிக்கூடம் இல்லை' என்று அடித்தாள், அழித்தாள். இல்லாத பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்றுதானே அவன் படம் எடுத்திருக்கிறான். 'தயவுசெய்து அங்கிருந்து போய்விடுங்கள்' என்று அடித்தாள். விரல் நின்றது. ஏன் போகவேண்டும் என்று அவன் யோசிப்பானே. ஒரு கதையின் வாசலில் ஒரு மனிதன் நின்றால் எழுதியவருக்கு ஏன் பதற்றம்? அங்கே நிஜமாகவே ஒரு பிள்ளை இருந்தால் ஒழிய? எச்சரிக்கை என்று எதை எழுதினாலும் அது அவனுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்திவிடும். துப்பறிகிறவன் ஒன்றும் செய்ய வேண்டாம், பயந்தவன் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தால் போதும். இதையும் அவள்தான் எழுதியிருக்கிறாள், பதினான்கில். அதையும் அழித்தாள். அழிக்கும்போதே கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. 'பெல் அடிச்சாச்சு சார்.'

பெல் அடிச்சாச்சு சார். நான்கு சொல்கூட இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, பெல் அடித்ததைச் சொல்கிறான். ஏன் சொல்கிறான்? கதையில் வருகிற மாதிரியே எல்லாம் இருக்கிறது என்று மகிழ்ந்து சொல்கிறான். மகிழ்ந்து சொல்கிறவன் அடுத்து என்ன செய்வான்? பிள்ளைகள் வரிசையாக வெளியே வருவதைப் பார்ப்பான். வேனும் ஆட்டோவும் போய்விடும். கூட்டம் வடியும். பெஞ்சில் ஒரே ஒருத்தி மிஞ்சுவாள், அவள் அம்மா இரண்டாம் கேட்டில் மாட்டிக்கொண்டிருப்பதால். கதையிலும் கூட்டம் வடிந்தபிறகு ஒருத்தி மிஞ்சுகிறாள். அந்த இடத்தை நன்றாக எழுதியிருப்பதாக நான்கைந்து பேர் சொன்னார்கள். 'அந்தப் பொண்ணு பைக்ல ஏறுற இடத்துல நெஞ்சு நின்னுடுச்சு சார்' என்று கோவில்பட்டியிலிருந்து ஒருவர் குரல் பதிவே அனுப்பியிருந்தார். கனி அதைச் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள், நித்திலா தோசைக்குப் பொடி தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாளா? பார்த்த மாதிரி இருக்கிறது. இல்லை, இப்போது சேர்த்துக்கொள்கிறேன். பயம் வந்துவிட்டால் நினைவு எழுத ஆரம்பித்துவிடும். பெல் அடிச்சாச்சு சார். "என்னக்கா, ஃபேன் வேணுமா? முகமெல்லாம் இப்படி வேர்த்து ஊத்துது" என்றாள் பக்கத்து இருக்கையில் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்தவள். ஃபேன் என்ற சொல் கனியின் காதில் ஆணி மாதிரி இறங்கியது. "ஒண்ணுமில்ல, பிள்ள ஸ்கூல்ல நிக்கி" என்றாள். "நிக்கட்டும், பிள்ளை என்ன உப்பா, கரைஞ்சா போயிரும்" என்றாள் அவள்.

அப்போதுதான் மரியசூசை அண்ணன் நினைவுக்கு வந்தார். பள்ளிக்கூடத் தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறவர். மாமனாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதெல்லாம் அவர் வண்டியில்தான். நித்திலாவுக்கு மட்டும் அவரைத் தெரியாது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லு தங்கச்சி." அவள் சொன்னாள், மூச்சு வாங்காமல் சொன்னாள், பச்சை கேட், பெஞ்ச், நித்திலா, கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிடுங்கள். "பிள்ள எங்கூட வருமா? நம்ம மூஞ்சியப் பாத்தா நம்ம பிள்ளைகளே ஓடுது." "ஒரு விடுகதை போடுவா அண்ணே. விடை சொன்னா வருவா." "பாஸ்வேர்டா? பிள்ளையா பேங்க் லாக்கரா?" என்று சிரித்தார். "சரி, விடை என்ன?" கனி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் ரயில் ஊளையிட்டது. "என்னது? கேக்கலை, சத்தமாச் சொல்லு." "தாத்தா குறட்டை." "என்னது?" "தாத்தா குறட்டை அண்ணே, தாத்தா குறட்டை." பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு தாத்தாக்கா?" என்று கருவாட்டுக்காரி ஆசையாகக் கேட்டாள்.

யார் தாத்தா. பாலகுருவின் அப்பா. படுத்தவுடன் ரம்பம் அறுக்கிற மாதிரி ஆரம்பிப்பார், அந்த ஒற்றை அறை வீட்டில் நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் அவர் இருக்கிறார் என்று பொருள். ஒரு விடியற்காலையில் நால்வரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள், ஏன் எழுந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பல நாள் கழித்து, அப்பா போட்ட விசிறி விடுகதைக்கு நித்திலா விரலை நீட்டி, விசிறி இல்லை, தாத்தா குறட்டை என்று சொன்னாள். பாலகுரு எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு அதுவே அவர்களுடைய சொல்லாயிற்று. அன்று கனி என்ன நினைத்தாள்? கட்டிலில் அவர் தாடையைத் துணியால் கட்டும்போதே அவளுக்குள் ஒருத்தி, துணி முடிச்சு வலது காதுக்கு மேலே, நகம் நீலம் என்று குறித்துக்கொண்டிருந்தாள். அவளை அடக்க முடியாது. அவளுக்குத் தாலி, பிள்ளை, சாவு எல்லாம் சரக்கு. குழந்தை விரலை நீட்டியபோதும் அவள் குறித்துக்கொண்டாள். அப்படியானால் மறதி என்று சொல்வது பாதிதானோ. நட்சத்திரம் போட மறந்தேனா, போட்டால் மாற்ற வேண்டி வருமே என்று போடாமல் விட்டேனா. மாற்றியிருந்தால் அந்த இடத்தில் கோவில்பட்டிக்காரருக்கு நெஞ்சு நின்றிருக்குமா?

ரயில் நகர்ந்தது. நின்றது. மரியசூசை அண்ணன் இந்நேரம் போயிருப்பார். போயிருப்பார் என்றதுமே இன்னொன்று வந்து குத்தியது. யார் மரியசூசை? அவர் வீடு எங்கே என்று தெரியுமா? பிள்ளைகள் என்றாரே, எத்தனை பிள்ளைகள்? வண்டி ஓட்டுகிற முதுகையும் பிடரியையும்தான் அவளுக்குத் தெரியும். அவள் எழுதிய ஏழு புத்தகத்திலும் ஒரே விதிதான்: சந்தேகப்படும்படி நடமாடுகிறவன் அப்பாவி. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவன், இரண்டாவது மணியில் போன் எடுக்கிறவன், சிரிக்கவைக்கிறவன், அவன்தான். கடைசி அத்தியாயம் வரை யாரும் திரும்பிப் பார்க்காத ஆளைத்தான் பிடித்துக் கொடுக்கவேண்டும். இரண்டாவது மணியில் எடுத்தாரே. சீ, நல்ல மனுஷன், மாமனாரை மூன்றாம் மாடிவரை தோளில் தூக்கிப் போனவர். அதேதான், அப்படித்தான் எழுதுவாள், தோளில் தூக்கிப் போனவர் என்று முதலில் சொல்லி வைத்துவிடுவாள். இப்போது வாசலில் விடை தெரிந்த ஆண்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு ஒன்பதாம் அத்தியாயம் சொல்லிக்கொடுத்தது, இன்னொருவருக்கு அவள் வாயே. பஸ்ஸில் இருக்கிறவர்களையும் சேர்த்தால் ஊரே வாசலுக்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிடலாம். நித்திலா கேட்பாள், அவர்கள் சொல்வார்கள், அவள் எழுந்து வருவாள். ஏன் வரமாட்டாள்? வரவேண்டும் என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். விடை சரியாக இருந்தால் ஆளைப் பார்க்காதே என்று இவளேதான் சொல்லிக்கொடுத்தாள், சின்னப் பிள்ளைக்குக் குழப்பம் கூடாதென்று. மரியசூசைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கடைசிப் பெட்டி தாண்டியதும் கேட் தூக்கினார்கள். எதிரும் புதிருமாக எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தன. கனி பஸ்ஸிலிருந்து குதித்து, தண்டவாளத்தைக் கடந்து, ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று ஜல்லியில் கழன்றது. குனிந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள்.

பச்சை கேட் பாதி சாத்தியிருந்தது. வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றது. மரியசூசை அதன் மேல் சாய்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, நித்திலா உட்கார்ந்திருந்தாள். கனி கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் மக வரலை தங்கச்சி" என்றார் மரியசூசை. "விடுகதை போட்டா. நானும் நீ சொன்னதை அட்சரம் பிசகாமச் சொன்னேன். கேட்டுட்டு, சரி, நீங்க போங்கன்னுட்டா. நானும் குறட்டை விட்டே காட்டிட்டேன், ம்ஹூம்." அவர் சிரித்தார். கனி அவர் முகத்தைப் பார்க்கக் கூசினாள். கரும்புச்சாறு வண்டிப் பக்கமிருந்து ஒருவர் அவளை நோக்கி வந்தார். நரைத்த மீசை, தோளில் துணிப்பை, வெள்ளைச் சட்டைதான். கையில் 'உப்பளத்தில் ஒரு கைரேகை' புத்தகம். கதையில் எங்குமே வராத துப்பாக்கி அதன் அட்டையில் புகைந்துகொண்டிருந்தது. "ஏம்மா, இங்க துரை சார்னு ஒரு எழுத்தாளர் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வருவாரா?" குரல் நன்றாகத்தான் இருந்தது. "தெரியாதுங்க" என்றாள் கனி. "பாத்தா சொல்லுங்க, ஒரு வாசகன் வந்திருந்தான்னு. கதையில ஒரு பொய் கிடையாதும்மா. எல்லாத்தையும் அப்படியே வச்சிருக்காரு." அவர் இன்னொரு தடவை பெஞ்சைப் பார்த்தார், அல்லது பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் எழுதியிருந்த திருக்குறளைப் பார்த்தார். பிறகு ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். அவர் ஏறிய பஸ் கண்ணுக்கு மறையும்வரை கனி பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த ஊர் பஸ் என்று படிக்கத் தோன்றவில்லை.

"அந்த மாமா உங்கிட்டப் பேசினாராட்டி?" என்று கேட்டாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து. "ம். வெளிய நின்னுட்டே எனக்கு நம்ம விடுகதையைப் போட்டாரு." "நீ என்ன சொன்ன?" "ஃபேன்." "அப்புறம்?" "தப்புன்னாரு. சரி மாமான்னுட்டேன்." நித்திலா பையின் வாரைச் சரிசெய்தாள். "ஆட்டோ மாமா சரியாத்தானே சொன்னாரு. அவர்கூட ஏன் போகல?" என்று கேட்டாள் கனி. "புக்குல இருக்கே. யாரு வேணும்னாலும் சொல்லலாம்ல." "நீ எப்ப படிச்ச?" "கட்டு வந்த அன்னைக்கே. கட்டிலுக்கு அடியில." அது வந்து மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நாளும் இவள் இந்த பெஞ்சில், செத்துப்போன ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தானே காவலாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, அதற்கு வரக்கூடிய பதில்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, கேட்காமல் விட்டாள் கனி. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். "வேற ஒண்ணு வச்சுக்குவமா?" "வச்சிட்டேன்." "என்னது, சொல்லு." நித்திலா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, ஆட்டோவில் போகலாம், கால் வலிக்கிறது என்றாள்.

சாயங்காலம் பாலகுரு ஷிப்ட் முடிந்து வந்தான். நித்திலா அவனைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டாள். புது விடுகதையையும் அதன் விடையையும் அவள் அப்பாவுக்கு மட்டும் சொன்னாள்.